பெல்ட் கழற்றிய மதியங்கள்

இப்போது தையல் மெஷினுக்கு மோட்டார் வந்துவிட்டது. பழைய தோல் பெல்ட் மட்டும் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வருகிற யாராவது அது எதற்கு என்று கேட்டால், தையற்காரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுவா, என்னோட லீவு" என்பாள்.

அவளும் அவள் கணவரும் ஒரே அறையில் வேலை செய்து பழகியவர்கள். அவர் வெட்டுவார், அவள் தைப்பாள். தெருவே அவரை மாஸ்டர் என்று அழைத்ததால் அவளும் அப்படியே கூப்பிட்டாள். கோபம் வந்தால் மட்டும் 'என்னங்க'.

ஒரு வருஷம் அவள் கால் மிதியின் மேலேயே நின்றுபோனது. ஊசிக்கடியில் துணி இருக்கும். அவள் உட்கார்ந்திருப்பாள். அழுகை இல்லை, சண்டை இல்லை. கேட்டால் "தைக்கிறேனே" என்பாள். பிறகு தலை வாருவது நின்றது, சாப்பாடு நின்றது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஆஸ்பத்திரியில் தங்குவது. இல்லையென்றால் வீட்டில் இருந்தபடியே வாரத்தில் மூன்று மதியம் வந்து, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம், இதேபோல் மனம் சோர்ந்தவர்களின் குழுவோடு உட்காருவது. மூன்று மாதம். நடுவில் விட்டுவிட்டால் முதல் வழிதான்.

"மூணு மணி நேரமா? அவ்வளவு நேரம் என்னத்தப் பேசுறது?"

"பேசலைன்னாலும் பரவாயில்லம்மா. வந்து உக்காந்தாப் போதும்."

"சும்மா உக்கார்றதுக்கா? அதைத்தான் வீட்லயே பண்றேனே."

டாக்டர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

திங்கள், புதன், வெள்ளி. பஸ்ஸில் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் பாதி நாள் காலி. மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் ஒரு அறை. வட்டமாக நாற்காலிகள். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் புறாக்கள். ஆலோசகர் அவளைவிட வயதில் சின்னப் பெண். அந்தப் பெண்ணின் காலரில் ஒரு நூல் பிரிந்து தொங்கும். முதல் சில வாரங்கள் தையற்காரி எடுத்துக்கொண்ட சிகிச்சை அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். ஒரு நிமிஷம், ஒரு ஊசி. கை பரபரக்கும்.

பக்கத்து நாற்காலியில் ஒரு லாரிக்காரர்.

"நானும் வருஷக்கணக்கா உக்காந்தே பொழச்சவன் தங்கச்சி. ஆனா உக்காந்த எடம் ஓடிக்கிட்டே இருக்கும். ஓடாத எடத்துல உக்கார்றது இப்பத்தான்."

"எனக்கும் அப்படித்தான் அண்ணே."

"உனக்கு எங்க? கீழ பாரு, மிதிச்சுக்கிட்டேதானே இருக்க."

குனிந்து பார்த்தாள். அவள் கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். அன்று அவள் முதல் முறையாக நாலு வார்த்தை பேசினாள்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் வந்தது. சீருடைத் துணி மலைபோலக் குவிந்தது. அவளுக்குப் பாரம் வேண்டாம் என்று, அவள் இல்லாத மதியங்களில் மாஸ்டரே மெஷினில் உட்கார்ந்தார். அவர் தைத்து எத்தனையோ காலமாகியிருந்தது. சட்டைக் கையில் முன்பக்கம் கொஞ்சம் அதிகம் குடைந்திருக்கும், அதை வைத்துத்தான் இடது வலது. வெள்ளைத் துணிக்கோ இரண்டு பக்கமும் ஒரே முகம். ஒரு சட்டையில் ஒரு கையைப் புரட்டி வைத்தவர் எல்லாச் சட்டையிலும் அப்படியே புரட்டினார். இஸ்திரி போட்டு, மடித்து, சிலவற்றைக் கொடுத்தும் விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பையனின் அம்மா சட்டையோடு வந்தாள்.

"அக்கா, இதைப் போட்டுக்கிட்டு நடந்தா யாரோ பின்னாலேருந்து புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்காம். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காதது அவனுக்கா சட்டைக்கான்னு தெரியல."

தையற்காரி சட்டையை மேஜைமேல் விரித்தாள். இரண்டும் இடது கை. மேஜைக்கடியிலிருந்து, தைத்து வைத்த சட்டை மூட்டையை இழுத்தாள். எல்லாச் சட்டையும் அப்படித்தான். சிரித்துவிட்டாள், பல மாதத்துக்குப் பிறகு. சிரிப்பு அடங்கியதும் மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு நான் போகல. இதெல்லாம் முடியிற வரைக்கும் போகல."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். கொஞ்ச நாளாக அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். 'டீ குடிச்சீங்களா' என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்து மிதியை அழுத்தினாள். கீழ்ச்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றியது.

"என்னங்க, பெல்ட் எங்க?"

"பாக்கெட்ல."

"குடுங்க."

"பஸ் வந்துரும், கெளம்பு."

"இத்தனை சட்டையும் யாரு பிரிக்கிறது?"

"பிரிக்க எனக்குத் தெரியும். தைக்கத்தான் தெரியாது. அதுதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே."

"எதிர்க்கடைக்குப் போயிருவாங்க."

"போகட்டும். அங்கயாவது ரெண்டு கையும் சரியாக் கெடைக்கும்."

"என்னை அனுப்பிட்டு, பெல்ட்டை மாட்டி நீங்க தைக்கவா?"

"நானும் மெஷின் பக்கம் வர மாட்டேன். எல்லாருக்கும் நல்லது."

மெஷினைவிட்டு எழுந்தாள். பிறகு செருப்பை மாட்டினாள். மாடி அறைக்குள் நுழைந்தபோது பேச்சு ஆரம்பித்திருந்தது. அவள் நாற்காலியில் லாரிக்காரரின் கைக்குட்டை கிடந்தது. "ஆள் வருதுன்னு சொல்லி வச்சேன்" என்று அதை எடுத்துக்கொண்டார்.

அதன்பின் வாரத்தின் அந்த மூன்று நாட்களில் சாப்பாடு முடிந்ததும் மாஸ்டர் பெல்ட்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு அவள் திரும்பினால், பிரித்த கைகள் இடது தனி, வலது தனியாக அடுக்கியிருக்கும். கடைசிச் சட்டைகள் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தன. சில குடும்பங்கள் எதிர்க்கடைக்குப் போயின, திரும்பவில்லை.

இப்போது அந்த மாடியில் ஏதோ ஒரு அலுவலகம் நடக்கிறது. பஸ் அந்த வழியே போனால் தையற்காரி நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பாள். ஒன்றும் செய்யாமல் உட்கார அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்த இடம். லாரிக்காரரின் கொட்டாவிகூட ஞாபகம் இருக்கிறது. கடைசி நாளில் ஆலோசகரின் காலரில் அந்த நூல் இருந்ததா என்பதுதான் ஞாபகமில்லை.

மூன்று மாதமும் முடிந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, மதியம் பெல்ட் மெஷினிலேயே இருந்தது. மாஸ்டர் தொடவில்லை. அவள் பார்த்தாள். தானே கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"இனிமே எதுக்கு அது?"

"திங்கக்கிழமைதானே மாஸ்டர். வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். அவருக்குத்தான் பழக்கமில்லை. மடியில் கிடந்த அவர் விரல்கள் கத்தரி மாதிரி திறந்து மூடிக்கொண்டிருந்தன.