பின் சீட்டில் கட்டுகிற பை

என் கணவர் பை வாங்கப் போகிறேன் என்று சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எத்தனையோ வருடமாக ஜொகூர் பக்கம் இருக்கிற மாசாயிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். சாப்பாட்டுப் பையைத் தவிர வேறு எதையும் தூக்கிக்கொண்டு போனதில்லை. போன வருடம்தான் பழைய ஸ்போர்ட் பைக் ஒன்றை வாங்கினார். எண்ணெய்த் தொட்டிமேல் படுத்த மாதிரி குனிந்து ஓட்டுகிற வண்டி. அதில் கிழக்குக் கரையோரமாக மெர்சிங் வழியாகக் கோத்தா பாரு வரை போய் வரப் போகிறாராம். "யாரோட?" என்று கேட்டேன். "போலாம் லா" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதிலா?

அந்த வண்டியை முதலில் நானும் திட்டியவள்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோங் பெங்குக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். பின் சீட் உள்ளங்கை அகலம்தான் இருக்கும், அதுவும் அவரைவிட ஒரு சாண் உயரத்தில். பயத்தில் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு பக்கம் போன பிறகு எங்களுக்குள் பேச்சே குறைந்திருந்தது. விடிவதற்கு முன்னே அவர் கிளம்பிவிடுவார், நான் பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போய்விடுவேன். அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் இவர் என் புருஷன் என்ற நினைப்பே திரும்பி வந்தது. சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம் அந்த இடத்தை விடுவதாக இல்லை.

அதனால் அவர் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் பை வீடியோ பார்த்தபோது நானும் பின்னால் நின்று பார்த்தேன். எல்லாம் ஒரே ரகம். பின் சீட்டின்மேல் வைத்து, பட்டை போட்டு இறுக்குகிற பை.

"அதுல பையைக் கட்டிட்டா நான் எங்க உக்கார்றது?"

"இந்த மாதிரி பைக்குக்கு இதுதான்மா செட்டாகும். பெட்டி மாட்ட இதுல கம்பி கிடையாது. துணிப் பைதான் கட்டணும்."

"துணிப் பையிலயே சைட்ல தொங்குறது இருக்கே?"

"எக்ஸோஸ் மேல தூக்கி இருக்கு பாரு. பை உருகிடும்."

உருகுமாம். வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். வலது பக்கம் புகைக்குழாய் உண்மையிலேயே மேல்நோக்கித்தான் இருந்தது. அதிலும் எனக்கு ஒரு சந்தேகம். இப்படிப்பட்ட வண்டியாகப் பார்த்துத்தான் வாங்கினாரோ?

தொழிற்சாலையில் டீ நேரத்தில் நானும் அதே வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். மழைக்காகப் பைமேல் போடுகிற உறை வேகத்தில் பறந்துவிடும், வாயைச் சுருட்டிக் கொக்கி மாட்டுகிற பைதான் நம் மழைக்குத் தாங்கும் என்று தெரிந்துகொண்டேன். புகைக்குழாய்ச் சூடு பையில் படாமல் தடுக்கத் தகடு விற்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். மனுஷன் முகம் மலரவில்லை. சைடில் பையும் பின்னால் ஆளும் இருந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்றார்.

"மெதுவா போங்க. யாரு துரத்துறா?"

"உன் துணி, என் துணி எல்லாம் அதுல அடங்காதும்மா."

"எனக்கு ரெண்டு செட் போதும்."

ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டையோடு வந்தார். விஷயம் பையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் குளிக்கப் போன நேரத்தில் கைப்பேசியைக் குடைந்தேன். எந்தப் பொம்பளையும் இல்லை. பை, பை, பை. அதைப் பார்த்த பிறகு சந்தேகம் இன்னும் கூடியது. இவ்வளவு சுத்தமாக யார் வைத்திருப்பார்கள்?

கடைசியில் ஒரு சனிக்கிழமை ஸ்கூடாயில் இருக்கிற ஒரு கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். சீனர் கடை. வண்டியின் இரண்டு பக்கமும் குட்டையான பைகளை வைத்து, சீட்டுக்கு அடியில் பட்டையை ஓட்டிக் கட்டினார் கடைக்காரர். வலது பக்கம் தகடும் மாட்டினார். "போலே லா!", முடியும் என்று மலாயில் சொல்லிச் சிரித்து, என்னை ஏறி உட்காரச் சொல்லிக் கை காட்டினார். ஏறினேன். கால் பையில் இடிக்கவில்லை. பையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. புகைக்குழாய்க்கும் பைக்கும் நடுவில் என் கையையே விட்டுப் பார்த்தேன், தாராளமாக நுழைந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?"

அவர் சீட்டில் இருந்த என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு நிறம் எடுத்து வருகிறேன் என்று கடைக்காரர் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நான் தனியா போகணும்மா."

"தனியான்னா?"

"தனியாதான். வேற யாரும் இல்ல. தினமும் சிங்கப்பூர் பாலத்துல அத்தனை மோட்டருக்கு நடுவுல நிக்கிறேன். வேலை எடத்துல ஆளு, வீட்டுல ஆளு. ஒரே ஒரு தடவை பின்னால யாரும் இல்லாம..."

இத்தனை நாளாக அவர் சொன்னதில் இந்த ஒன்றை மட்டும்தான் நான் உடனே நம்பினேன். வேறு ஒருத்தி இருந்திருந்தால் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். இங்கே யாரைப் பிடிப்பது? வீட்டில் ஆள் என்றாரே, பிள்ளைகள் போன பிறகு அந்த வீட்டில் இருக்கிற ஆள் நான் ஒருத்திதான். கடைக்குள் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

கடைக்காரர் சிவப்பு நிறத்தில் இன்னொரு ஜோடியோடு வந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டி, அலமாரியில் இருந்த பின் சீட் பையைக் காட்டினேன். வாய் சுருட்டுகிற பையாகப் பார்த்துத்தான் காட்டினேன். "வேணாம்மா, விடு" என்றார் இவர். "மழையில நனைஞ்சிட்டு வந்து நிப்பீங்க, எடுங்க" என்றேன்.

வெறும் பைதான், ஆனாலும் பின் சீட்டில் கட்டினால் நான் உட்கார இடம் இருக்காது. அதனால் மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். புதுப் பை விறைப்பாக அவர் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் நின்றது. மாசாய் வரும்வரை அவர் இடுப்பு என் கைக்கு எட்டவில்லை.