அம்மா வளர்த்த காடு

எங்கள் கொல்லையில் ஒரு முருங்கை மரம்கூட நின்றதில்லை. நிற்க விடாதவர் பண்ணையின் காரியக்காரர். வயல் வேலைக்கு ஆள் அனுப்புவதும், களத்தில் கூலி நெல்லை அளந்து போடுவதும் அவர்தான். பண்ணையின் களம் எங்கள் கொல்லையை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு சின்ன வாய்க்கால். களத்து மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எங்கள் வீட்டின் பின்கதவு, அடுப்பு, குளிக்கிற கல், கொடியில் காயும் துணி எல்லாம் தெரியும். அவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். யாராவது ஒரு கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றினால் மறுநாள் ஆள் விட்டுப் பிடுங்கிப் போடுவார். நிழல் இருந்தால் கூலிக்காரர்கள் உட்கார்ந்துவிடுவார்களாம். இப்படி ஒரு நியாயத்தை அவர் சொன்னார், நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் அம்மா, அப்பா, கல்யாணமாகாத அத்தை, நான். அத்தை அப்பாவின் தங்கை. ஆள் முகம் தெரியாத இருட்டில் எழுந்து அவசரமாகக் குளித்துவிடுவாள். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். வெயில் பட்டால் கறுத்துவிடுவோம் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். பகல் முழுக்கக் கொளுத்துகிற வெயிலில் நாற்று நடுகிறவளைப் பற்றித்தான் இப்படி ஒரு கண்டுபிடிப்பு.

ஆட்சி மாறி, குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. விவசாயக் கூலிகளின் சங்கத்துக்காரர்கள் நடையாய் நடந்து எங்கள் தெருவுக்குப் பட்டா வாங்கிக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பக்கத்து வீடுகளில் பாயசம் வைத்தார்கள். அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

பூவரசு, கிளுவை, வாதநாராயணன் என்று, வெட்டி ஊன்றினாலே பிழைத்துக்கொள்கிற போத்துகளாகப் பார்த்துத் தூக்கி வந்தாள். ஆற்றங்கரையிலிருந்து புங்கங்கன்றுகளைப் பெயர்த்து வந்தாள். வாய்க்கால் ஓரம் முழுக்க நொச்சியும் பூவரசும். நடவு முடிந்து வந்து, உலை வைப்பதற்கு முன்னால், இடுப்பு ஒடிந்துபோகிற அலுப்பிலும் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். வரிசை கிடையாது, இடைவெளி கிடையாது. ஒரு கொய்யாக் கன்றாவது வை என்று கெஞ்சினேன்.

"திங்கிறதுக்கு வைக்கல" என்றாள், தலையைக்கூடத் தூக்காமல்.

அவள் குழி தோண்டுவதைப் பார்த்தால் யாரையோ அடிப்பது போலிருக்கும். நான் பாண்டி ஆடிக்கொண்டிருந்த இடமும் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு.

மூன்றாவது மழைக்காலத்துக்குப் பிறகு அது காடாகிவிட்டது. காலடியில் சருகு மெத்தென்று கிடந்தது. எங்கிருந்தோ மைனாக்கள் வந்தன, ஒரு கீரிப்பிள்ளை குடும்பத்தோடு குடியேறியது. களத்திலிருந்து பார்த்தால் வெறும் பச்சைதான் தெரியும். அத்தை பகலில் குளிக்க ஆரம்பித்தாள். குளித்துக்கொண்டே பாடவும் செய்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

தை மாதம், அறுப்புக்கு முன்னால் ஒரு காலையில் காரியக்காரர் வெளியூர் ஆட்கள் இரண்டு பேரைக் கோடரியோடு கூட்டிவந்தார்.

"களத்துல நிழல் விழுது. அறுத்த நெல்லப் போட்டா காயாது" என்றார்.

"இது எங்க மனைங்க" என்றாள் அம்மா.

"மனைக்குத்தான்டி பட்டா குடுத்திருக்கான். நிழலுக்கா குடுத்தான்?"

வாய்க்கால் ஓரத்துப் பூவரசுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. குறுக்கே போன அம்மாவை அவர் கையால் நெட்டித் தள்ளினார். தெருவே கூடிவிட்டது. கூட்டத்தில் அப்பாவும் நின்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அத்தை உள்ளேயிருந்து வந்து அடுத்த மரத்தின் முன்னால் நின்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நிழல் இப்பத்தான் விழுது. உங்க கண்ணு இந்தக் குளிக்கிற கல்லு மேல எத்தன வருஷமா விழுது? அத இவங்ககிட்ட சொல்லிட்டு வெட்டச் சொல்லுங்க."

கோடரிக்காரர்களில் மூத்தவர் அந்தக் கல்லைப் பார்த்தார். அப்புறம் களத்து மேட்டில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்துவிட்டார். மற்றவரும் பின்னாலேயே போனார். "பைத்தியம் புடிச்ச கழுத" என்று காரியக்காரர் கத்தினார். கேட்க ஆளில்லாமல் அவரும் போக வேண்டியதாயிற்று.

அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. மன்னிப்பு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. நாற்காலி களத்தின் அந்தப் பக்கம் போயிற்று, அவ்வளவுதான். அந்த அறுப்புக்கு எங்கள் வீட்டு ஆட்களைக் கூப்பிடவில்லை. தப்பு செய்தவர் நிழலில் உட்கார்ந்து நெல் அளந்தார். அம்மாவும் அத்தையும் பாபநாசத்துக்கு அந்தப் பக்கம் வேலை தேடி நடந்தார்கள்.

மரங்கள் சாய்ந்த அன்று சாயங்காலமே அப்பா, வெட்டுப்பட்ட இடங்களில் புதுப் போத்துகளை ஊன்ற ஆரம்பித்தார். அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். மரம் நடுகிறவர்மேல் என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

காரியக்காரர் பார்க்கிற விஷயத்தை அத்தை முதன்முதலில் சொன்னது அப்பாவிடம்தான் என்று, எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். பட்டா வருவதற்கு வெகு நாள் முன்பே சொல்லியிருக்கிறாள். பகைத்துக்கொண்டால் வேலை போய்விடும், பொறுத்துக்கொள் என்று அவர் சொல்லிவிட்டாராம். அதன் பிறகுதான் அவள் அம்மாவிடம் வந்திருக்கிறாள்.

அந்த நாட்களில் எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு நாள் அப்பா தனியாக மண் அணைப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அம்மாதாம்ப்பா மோசம்" என்றேன். அவர் குதிகாலால் மண்ணை மிதித்து மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்.