சர்வே கல் தெரிகிற படம்

1. டிரம்மை நகர்த்தினேன்

நான் எடுத்ததிலேயே ஷார்ப்பான படம் ஒரு பொம்பளையின் கடையை இடித்தது. படம் என்ன செய்யும் பாவம், நான்தான் இடித்தேன் என்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகள் லென்ஸ் பற்றியும் லைட் பற்றியும் கேட்கிறார்கள். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

1989-இல் திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்டுடியோ போட்டேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு, இவ்வளவுதான் வேலை. சாவு வீட்டில் பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றி வீட்டு ஆட்களை நிறுத்தி எடுப்போம். பின்னால் தொங்குகிற துணி, காலடியில் கிடக்கிற செருப்பு, சொம்பு எல்லாவற்றையும் பிரேமுக்கு வெளியே தள்ளுவது என் வேலை. அழுதுகொண்டிருப்பவர்களைக் கூட "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லியிருக்கிறேன். எதையும் நகர்த்தலாம் என்ற திமிர் அங்கேதான் கைக்கு வந்தது.

எட்டு ஒன்பது வருஷம் இப்படியே ஓடியதும் எனக்கு வெறுத்துப்போனது. நமக்கென்று ஒரு வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது. மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளையும், அந்த வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது என்று முடிவு பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, காய்கிற வாசல்கள், சமணர் ஊர்களில் கோயிலை ஒட்டிய வீடுகள், கிரிவலப் பாதையில் ஓட்டு வீடுகள் என்று அலைந்தேன். ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். ஒவ்வொன்றும் யோசித்துத்தான் அழுத்துவேன்.

அடி அண்ணாமலையில் ராணியம்மா வீடு அப்படித்தான் கண்ணில் பட்டது. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் சாகிறதற்கு முன்னால் பழைய ஓட்டு வீட்டுக்கு முன்பக்கமாக, ரோட்டை ஒட்டி, தகரம் போட்டு ஒரு கடை கட்டிக் கொடுத்திருந்தார். பௌர்ணமி வந்தால் சோடா, மோர், கற்பூரம் விற்கும். அதுதான் அவருக்குச் சோறு.

வீடும் கடையும் சேருகிற பக்கச் சுவர் ஓரத்தில் ஒரு நீல டிரம், விறகுக் கட்டு, சாக்கு மூட்டை என்று குவித்து வைத்திருந்தார்.

"அம்மா, அந்த டிரம்மையும் விறகையும் கொஞ்சம் நகத்திக்கலாமா? அசிங்கமா இருக்குது."

"வேணாம் தம்பி. அது அங்கியே இருக்கட்டும்."

"அஞ்சு நிமிஷம்மா. நானே திருப்பி வச்சிடறேன்."

"சொன்னா கேளேன்பா. இன்னாத்துக்கு அதெல்லாம்?"

நான் கேட்கவில்லை. பெட்டிக்குள் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு நின்றவர், படம் எடுக்காமல் போய்விடுவேனோ என்று வாயை மூடிக்கொண்டார். நான் டிரம்மை உருட்டி, விறகை அள்ளி அந்தப்புறம் போட்டேன். அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. தலையில் ஏதோ குறி வெட்டியிருந்தது. நல்ல கல், பழைய கல், படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பர்ச்சரைப் பதினாறில் வைத்து, கல்லிலிருந்து ஓடு வரைக்கும் எல்லாம் ஷார்ப்பாக விழுகிற மாதிரி எடுத்தேன். அது சர்வே கல் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை.

2. பாராட்டு

ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு கஃபேக்காரர் என் படங்களைப் பார்த்துவிட்டு, "நம்ம சுவத்துல மாட்டுங்க சார், வெள்ளைக்காரங்க ஜாஸ்தி வர்றாங்க" என்றார். இருபது படம் மாட்டினேன். நடுவில் ராணியம்மா வீடு. பக்கத்தில் ஓர் அட்டையில் என் கையாலேயே எழுதி வைத்தேன்: "எதையும் மாற்றாமல், இருந்தது இருந்தபடி எடுத்த படங்கள்." எழுதும்போது டிரம் ஞாபகம் வராமல் இல்லை. யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். படத்தை இங்கே மாட்டட்டுமா என்று ராணியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இரண்டாம் வாரம் ஓர் அதிகாரி வந்தார். எந்த ஆபீஸ் என்று நான் கேட்கவில்லை. அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"என்னா கிளாரிட்டி சார்! இத மாதிரி நான் பாத்ததே இல்ல. பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்களேன், ஆபீசுக்கு வேணும்."

உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. டார்க் ரூமில் அரை நாள் நின்று அதை ப்ளோ-அப் பண்ணினேன். கல் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக எக்ஸ்போஷர் கொடுத்து, வெட்டியிருந்த குறி பளிச்சென்று தெரிகிற மாதிரி பண்ணினேன். அந்த முட்டாள்தனத்தை இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

3. நெசந்தானே?

சில மாதம் கழித்து ராணியம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

கிரிவலப் பாதையில் கூட்டம் பெருத்துப்போய் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். கல்லுக்கு முன்னால் இருப்பதெல்லாம் ரோட்டு நிலம். அப்படிப் பார்த்தால் கடை முழுசும் போய்விடும். நோட்டீஸ் வந்த அன்றே அந்த வரிசை வீட்டுக்காரர்கள் கல்லையெல்லாம் பிடுங்கிப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டார்கள். இங்கே கல்லே கிடையாது, ரோட்டு அளவுதான் தப்பு என்று வக்கீல் வைத்து மனு கொடுத்திருந்தார்கள். விசாரணையில் அந்த அதிகாரி என் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாராம். கல்லைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம்.

"தம்பி, நான் உன்னைத் திட்ட வரல" என்றார் ராணியம்மா. "உன்ன விசாரணைக்குக் கூப்புடுவாங்களாம். டிரம்மு, விறகு எல்லாத்தையும் நவுத்தி வச்சுதான் படம் எடுத்தேன்னு சொல்லு. அது போதும். சாமானை மாத்தி வச்சு எடுத்த படத்த எப்டி நம்பறதுன்னு வக்கீலு கேட்டுப்பாரு. நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. அது நெசந்தானே?"

"நெசம்தாம்மா. சொல்றேன்."

"சொல்லிடு தம்பி. அந்தக் கட விட்டா எனுக்கு வேற கதி இல்ல."

4. நான் சொன்னது

விசாரணை அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தெரிந்த முகம். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு நான்தான் படம் எடுத்தவன். கஃபேக்காரரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் என் ப்ளோ-அப். அதன் பக்கத்தில், நான் எழுதிய அட்டை. அதையும் யாரோ வாங்கி வந்திருக்கிறார்கள்.

படம் வாங்கிப்போன அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "சார், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அப்ப இந்தப் படத்துல எதையாவது மாத்தி வச்சு எடுத்தீங்களா?"

ராணியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வார்த்தை. 'ஆமா' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அட்டை பொய், இருபது படமும் செட்டப், ஊர் பூராவும் இவன் ஏமாற்றுக்காரன் என்று பேசும். அதை நினைத்ததும் நாக்கு புரண்டுவிட்டது.

"இல்லைங்க. இருந்தது இருந்தபடிதான் எடுத்தேன்."

ராணியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வெளியே போனார். நான் மெல்லப் பின்னால் போய், "அம்மா" என்றேன். அவர் திரும்பவில்லை.

நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் கடை தப்பியிருக்குமா என்று தெரியாது. தப்பாமல்கூடப் போயிருக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்தோ அரசாங்கத்துக்குப் பயந்தோ நான் அப்படிச் சொல்லவில்லை. என் பேருக்காகச் சொன்னேன். அந்த அசிங்கத்தை எந்தக் கெமிக்கலில் போட்டுக் கழுவினாலும் போகாது.

5. எடுத்துனு போ

ஆடி மாதம் இடித்தார்கள். தகரத்தை அவரே முன்னாடி நாள் ஆள் வைத்துக் கழற்றிக்கொண்டார். சுவர் விழ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டேன், கிட்டே போகிற தைரியம் வரவில்லை. கேமரா பையில் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு ரோடு அகலமாக இருந்தது. ஜனம் நெருக்கடி இல்லாமல் நடந்தது. ராணியம்மா வீட்டுக்கு முன்பக்கமே இல்லை. மோர் விற்கிற தள்ளுவண்டிக்காரர்கள் அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் மட்டும் உள்ளே சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

நான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒரு பெரிய பிரிண்ட் போட்டு, நல்ல மரத்தில் பிரேம் பண்ணி எடுத்துப் போயிருந்தேன். புருஷன் கட்டின கடைக்கு முன்னால் அவர் நிற்கிற அதே படம். அது ஒன்றுதான் மிச்சம், அதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்காமல் படத்தை நீட்டினேன்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்துக்கிற தம்பி" என்றார். "இதுல நான் கீறேன். வூடு கீது. அவுரு கட்டுன கட கீது. எதுவுமே என் கண்ணுக்குத் தெரியல. அந்தக் கல்லுதான் தெரியுது. எடுத்துனு போ."

பிரேமை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வருஷம் பெங்களூரில் இருந்த மகனிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் படத் தொடரை அதோடு நிறுத்திவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இரண்டே விஷயம் இருக்கிறது. ஒருத்தர் வீட்டில் ஒன்றை நகர்த்தச் சொல்லி, அவர் வேண்டாம் என்றால் கேமராவை மூடிவிடுங்கள். நகர்த்திவிட்டால், நகர்த்தினேன் என்று சொல்லுங்கள். முதலாவது எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.