பதினாலாம் நம்பர் பெட்டி

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காவடிக்கு மயிலிறகு கட்டியது. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள். தேவகி மர வளைவைப் பிடித்துக்கொள்ள, கோவிந்தம்மாள் மஞ்சள் துணியை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"ஆடாம புடி. மெட்ராஸுல இதத்தான் கத்துக்கினியா?"

"அங்க புடிக்கறதுக்குக் கிடுக்கி இருக்குதும்மா."

"அப்ப அந்தக் கிடுக்கியையே கட்டிக்கோ. மாப்பிள்ள தேட்ற வேலை எனக்கு மிச்சம்."

திருத்தணி மலையடிவாரத்தில் கோவிந்தம்மாள் இருபது வருடமாகக் காவடி வாடகைக்கு விட்டு வந்தாள். நாற்பத்தொரு காவடி. ஒன்றுகூடத் திரும்பாமல் போனதில்லை. "முருகன ஏமாத்திடலாம், என்ன முடியாது" என்பாள். கன்னத்தில் அலகு குத்தியவன் முகம் சுளிக்காமல் படியேறுவதும், அவனே இறங்கி வந்து காலில் முள் தைத்து அலறுவதும் அவளுக்கு வருடா வருடம் வேடிக்கை.

"அதே ஆளு, அதே தோலு. ஏறசொல்ல வலிக்கல, எறங்கசொல்ல வலிக்குது. உங்க டாக்டரு பதில் சொல்லட்டும்."

டாக்டரும் அந்தப் பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தார். தேவகி சென்னையில் ஒரு வலி ஆராய்ச்சிக்கூடத்தில் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். அடிபட்ட இடத்தோடு வலி முடிவதில்லை. தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது, அதைச் சாத்தும்படி மூளையே சொல்லலாம் என்றார்கள். அபினைப் போன்ற பொருளை உடம்பே சுரப்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள்.

எண்பதாம் வருடம் கோவிந்தம்மாளுக்கு விலாவில் அக்கி கண்டது. கொப்புளம் காய்ந்தது, வலி காயவில்லை. ரவிக்கை உரசினாலே எரிந்தது. இரண்டு வருடம் காவடியைத் தூக்கி நிறுத்த வேற்றாள் வைக்க வேண்டியதாயிற்று. டாக்டர் தம் ஆய்வில் அவளையும் சேர்த்துக்கொண்டார். தோலில் இரண்டு பட்டை, கையடக்கப் பெட்டி, அந்தக் கதவைச் சாத்த மெல்லிய மின்சாரம்.

பெட்டிகள் முப்பது. பதினைந்தில் ஒயரை வெட்டிவிடுவது தேவகியின் வேலை. போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் உண்டா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு எரியும். சிலருக்கு எதுவும் உறைக்காது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். எது போலி என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வெட்டியவளுக்குத் தெரியும். சீட்டுக் குலுக்கியதில் கோவிந்தம்மாளுக்கு வந்தது பதினாலு. வெட்டிய பெட்டி.

வாய் திறந்தால் ஆய்வு போச்சு. தேவகி திறக்கவில்லை. நாலு மாதமாக, பெற்ற தாயிடம் பொய் விளக்கை எரியவிட்டாள். ஆனால் வலி எவ்வளவு என்று காட்டச் சொல்லி டாக்டர் நீட்டிய கோட்டில் கோவிந்தம்மாள் வாரா வாரம் போட்ட புள்ளி இறங்கிக்கொண்டே வந்தது. பத்து சென்டிமீட்டரில் ஒன்பதில் ஆரம்பித்தவள் மூன்றுக்கு வந்துவிட்டாள். காவடியைத் தானே தூக்கினாள். தானாகவே குறைந்திருக்கலாம்; ஒரே ஒருத்தியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மயிலிறகு கட்டிய அன்றுதான் அம்மா சொன்னாள்: "பெட்டிய நம்ம ரேடியோக்கார தேசப்பன்கிட்ட காட்டினேன்."

தேவகி பிடித்திருந்த வளைவு ஆடியது.

"ஆடாதன்னேன்ல? 'அக்கா, உள்ள ஒயரு அறுந்துகினு இருக்குது, கரண்டே வரல'ன்றான். போன மாசம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? வலி அதுக்கு முந்தியே கொறஞ்சிடுச்சி. இவன் சொன்னான்னு திரும்பக் கூப்புட முடியுமா?"

"ஒட்ட வெச்சானா?"

"நான்தான் வேணாம்னுட்டேன். தானா அறுந்த ஒயருக்கு எவனாச்சும் அழகா டேப்பு சுத்துவானா? உன் கைவேல எனக்குத் தெரியாதா? ஏதோ காரணமாத்தான் வெட்டியிருப்ப."

"கோவமாம்மா?"

"கோவம் வந்தா மாப்பிள்ள தேட ஆரம்பிச்சிடுவேன்."

பிறகு அடுத்த முடிச்சைப் போட்டாள். "வெள்ளிக்கெழம மணவூர் போறேன். உன் சித்தி தமயந்திக்கும் இதே அக்கி, இதே எரிச்சல். உங்க கணக்கு முடிஞ்சிடுச்சில்ல? டாக்டர்கிட்ட சொல்லிடு, பெட்டி அவளுக்கு."

"அது வேல செய்யாதும்மா."

"எனக்கு செஞ்சுதே. நீ கூட வந்து வாயத் தொறக்காம இரு, போதும்."

மெட்ராஸுக்குத் திரும்பியிருந்த தேவகிக்கு வியாழக்கிழமை காலையில் தந்தி வந்தது. அம்மாவுக்கு மாரடைப்பு, போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா மணவூருக்கென்று ஆணியில் மாட்டி வைத்திருந்த மஞ்சள் பையைத் தேவகி இறக்கினாள். உள்ளே பதினாலாம் நம்பர் பெட்டி, துவைத்து மடித்த பட்டைகள், தமயந்திக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம், கறுத்துப் போயிருந்தது. கூடவே காகிதம் பிரிக்காத புது பேட்டரி. விளக்கு எரிய வேண்டுமே.

ஒயரைச் சேர்க்க இரண்டு நிமிடம் போதும். சாலிடரிங் இரும்பு கைப்பையில் இருந்தது. அவள் அதை வெளியே எடுத்தாள், மறுபடி உள்ளே வைத்தாள். மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும். பெட்டியோடு மணவூருக்கு இன்னும் யாரும் போகவில்லை.