போனில் ஓடிய ஜப்பான் தறி

சிங்காநல்லூர் நெசவு மில்லில் டைப்பிஸ்டாக இருந்த பக்ருன்னிசா, 1995இல் மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படித்தாள். ‘தபேரு’ என்றால் சாப்பிடுவது. அதையே ‘தபேத்தே’ என்று மடக்கி, பின்னால் ஓர் ‘இரு’ போட்டால் சாப்பிட்டுக்கொண்டிருப்பது. அட, நம்ம ‘சாப்பிட்டுட்டு இருக்கேன்’ மாதிரியே அல்லவா! நம் ‘ங்க’ போல மரியாதை வேண்டுமென்றால் ‘இரு’வை ‘இமஸ்’ ஆக்கிவிடலாம். அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்தபடியே கோட்டைமேட்டில் வீடு வந்து சேர்ந்தாள்.

அப்புறம் கண்ணில் பட்டதையெல்லாம் ஜப்பானிய மொழியில் ஒப்பித்தாள். அம்மா நொந்துபோனார்.

“ஏங்கண்ணு, நான் வெங்காயம் உரிக்கறது எனக்கே தெரியாதா?”

வகுப்பு அந்தப் பாடத்தைத் தாண்டவில்லை. அதற்குள் மில்லில் “ஜப்பான் பாஷை தெரியுங்க” என்று பீற்றிக்கொண்டதுதான் வம்பாயிற்று. புதிதாக வந்த ஜப்பான் தறி ஒருநாள் நின்றுபோனது. முதலாளி சுந்தரராஜுலு ஒசாகாவிலிருந்த தறிக் கம்பெனிக்கு போன் போட்டு ரிசீவரை நீட்டினார்.

“முடியலீன்னா சொல்லிப்போடுங்க அம்மணி. மொழிபெயர்க்க மெட்ராஸ்ல ஒரு ஆள் இருக்குது, வேலைக்கு வெச்சுக்கறேன்.”

அந்த வேலைக்குத்தான் அவள் ஆசைப்பட்டிருந்தாள். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள்.

மறுமுனையில் இன்ஜினியர் மோரி. அவர் பேசியதில் பாதி புரியவில்லை. ஒரே கேள்வி மட்டும் கணீரென்று விளங்கியது: அங்கே இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது? அடடா, படித்த பாடமே பரீட்சைக்கு வந்துவிட்டது! ஒயரை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். கீழே தறியருகே ஃபிட்டர் ராசப்பன் நின்றிருந்தார்.

“ஏனுங்க ராசப்பண்ணா, மோட்டார் என்னாகுது?”

“சுத்தீட்டிருக்குதுங்க!”

“மவத்தே இமஸ்!” என்றாள் போனில்.

“செவப்பு லைட்டு மின்னீட்டிருக்குதுங்க!”

“ஹிகத்தே இமஸ்!”

மோரி ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் கண், துணி என்ற இரண்டு சொற்கள் அவளுக்குச் சிக்கின.

“அண்ணா, லைட்டுக்குப் பக்கத்துல கண்ணாட்டம் ஏதாச்சும் இருந்தா, துணில தொடச்சுப்போடுங்க!”

“பஞ்சு அப்பியிருக்குதுங்க!” என்று துடைத்தார் ராசப்பன். நூலைக் கண்காணிக்கும் அந்தக் கண் தெளிந்ததும் தறி தடதடவென்று கிளம்பியது.

“உகோய்த்தே இமஸ்! ஓடீட்டிருக்குதுங்க!” இரண்டு மொழியையும் கலந்து கத்தினாள். கீழே விசில் பறந்தது.

“மெட்ராஸ் ஆளெல்லாம் எதுக்குங்க? இனி நீங்களே பேசுங்க அம்மணி,” என்றார் முதலாளி.

பக்ருன்னிசா ரிசீவரைக் காதில் வைத்தபடியே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். போனில் பேச்சே இல்லாததால் மோரி பதறிவிட்டார். நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“நைத்தே இமஸ்.”

அழுதுகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஒசாகாவில் அந்த மனிதர் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.