கப்பல் கூரையில் ஒரு வாழையிலை

தேம்ஸ் கரையில் திறந்தவெளி அருங்காட்சியகம். போர்ச்சுகீசியர் முதன்முதலில் கடல்வழி தேடிப் போன கப்பலைப்போல ஒன்றைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் பீப்பாய்களும் கயிற்றுச் சுருள்களும். பெரிய வரைபடத்தில் இலங்கை ஒரு பொட்டுதான். வெள்ளிக்கிழமை மதியம், தூறல் வேறு, கூட்டமில்லை.

மேல்தளத்தில் மாலுமி வேஷத்தில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். டப்பாவுக்குள் வாழையிலைத் துண்டு, அதில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும். தமிழில் பேச்சுக் கொடுக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர், வீடு சட்டன் என்ற புறநகரில். வருகிறவர்களுக்குக் கப்பலைச் சுற்றிக் காட்டுவது வேலை.

சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கிறார். பக்கத்திலேயே குப்பைத்தொட்டி இருக்கிறது. அவர் எழுந்து, கப்பல் அறையின் கூரை இடுக்கில் இலையைச் செருகுகிறார்.

"ஏன் அங்கே வைக்கிறீங்க?"

"போர்த்துக்கேயர் ஆண்ட காலத்திலை சைவத்துக்குத் தடை. எங்கட ஆக்கள் விரதச் சாப்பாட்டை ஒளிச்சுத்தான் சாப்பிட்டவை. இலை வெளியிலை கிடந்தால் பிடிபட்டிடுவினம் எண்டு கூரையிலை செருகி வைக்கிறது. எங்கட வீட்டிலை வெள்ளி விரதத்துக்கு இண்டைக்கும் அப்பிடித்தான்."

"இங்கே மேனேஜர் பார்த்தா?"

"போன கிழமை கண்டிட்டார். திருப்பியும் கண்டால் வேலை போகுமாம்."

"அப்புறமுமா?"

"ஓம். இப்ப கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி வைக்கிறன்."

இலையை விரலால் இன்னும் ஓர் அங்குலம் உள்ளே தள்ளிவிட்டு, மாலுமித் தொப்பியை மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார்.