நார்த்தங்காய் வாசம் மாறாத விரல்

எங்கள் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லமாட்டேன். வாடிக்கையாக அத்தர் வாங்கும் குமரப்பன் செட்டியார் அவரைச் செம்மலை என்று கூப்பிடுவார், அதை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். காரைக்குடியில் வீடு வீடாக அத்தர் விற்ற மனுசர். ஆயுசுக்கும் ஒரே அத்தர்தான். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான்.

“பொம்பளையளுக்குன்னு தனியா ஒண்ணு செய்யக் கூடாதா?” என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

“வாசத்தை முடிக்கிறது நான் இல்லடி. அவுக அவுக தோலு” என்பார்.

காலையில் கட்டைவிரலால் ஒரு சொட்டைத் தொட்டு, வாங்குகிறவர் மணிக்கட்டில் தேய்ப்பார். உடனே நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினாற்போல மூக்கில் ஏறும். உச்சிவேளைக்கு அது அடங்கி மிளகும் ஏலமும் தலைகாட்டும். பொழுது சாய்ந்தால் கிராம்பு, அதற்கு அடியில் வெட்டிவேர். சாயங்காலம் திரும்பப் போய்க் கையை மோந்து பார்த்து, ஒத்துவந்தால்தான் விற்பார். தம் விரலில் மட்டும் தங்க விடமாட்டார். மூக்கு கெட்டுப்போகுமாம், சாம்பல் போட்டுக் கழுவிவிடுவார்.

ஒரே ஒரு தடவை வாசம் மாறவில்லை. அவருடைய தாயார் கையில் வைத்தது மறுநாளும் பச்சை நார்த்தங்காயாகவே நின்றது. மூன்றாம் நாள் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து போய்விடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் குமரப்பன் செட்டியார் ரங்கூனுக்குக் கிளம்பினார். கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமை நாள் சரியில்லை. அதனால் புதன்கிழமையே நல்ல நேரம் பார்த்து, அவர் பெட்டியை எடுத்துப்போய் அடுத்த தெரு வீட்டில் வைத்தார்கள். பரஸ்தானம் என்பார்கள். பெட்டி போய்விட்டால் ஆளே கிளம்பிவிட்டதாக அர்த்தம். அது திரும்பி வீட்டுப்படி ஏறக்கூடாது.

அன்று காலை செட்டியாருக்கு அத்தர் வைத்த இவர், சாயங்காலம் போய் அந்தக் கையைப் பிடித்து மோந்திருக்கிறார். பச்சை நார்த்தங்காய்.

“போகாதீக ஐயா. போனா திரும்பமாட்டீக.”

“அடே செம்மலை, கிளம்புற நேரத்துல பேசுற பேச்சாடா இது!” என்று செட்டியார் கத்தினாராம். அவர் மனைவி தேனம்மை ஆச்சி அழ ஆரம்பித்துவிட்டார். இவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த தெருவுக்கு ஓடி, பெட்டியைத் தலையில் தூக்கி வந்து செட்டியார் வீட்டுக்குள் வைத்துவிட்டார். பயணம் நின்றுபோனது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “புத்தி கெட்டுப்போச்சா ஒங்களுக்கு? இனி யாரு வீட்டுப்படி ஏறப் போறீக?”

“உசுரு பெருசா, பெட்டி பெருசாடி?” என்றார்.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்க நான் போனேன். செட்டியார் கோபத்தோடு கையை நீட்டினார். “நீயே மோந்து பாரு, அம்மாக்கண்ணு.”

எட்ட நின்றபோதே தெரிந்தது. கிராம்பு, அடியில் வெட்டிவேர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு அவிந்த மனுசனை வாங்கு வாங்கென்று வாங்கவேண்டும் என்று வீட்டுக்கு ஓடினேன்.

அவர் கொல்லையில் குந்தி, கட்டைவிரலைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்து கிடந்தது.

“நேத்துலேருந்து கழுவுறேன். போகமாட்டேங்குதுடி.”

பிடுங்கி மோந்தேன். அப்போதுதான் கிள்ளிய நார்த்தங்காய். செட்டியார் கையைப் பிடித்ததும் இதே விரல்தான். அவர் மணிக்கட்டை மோந்ததாக நினைத்துத் தம் விரலை மோந்திருக்கிறார்.

“செட்டியாரு நல்லாத்தானே இருக்காரு?” என்று கேட்டார்.

“இருக்காக.”

“அப்பச் சரி.”

வெள்ளிக்கிழமை, செட்டியார் கிளம்பியிருக்க வேண்டிய அதே நேரத்தில், இவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் சொம்போடு வருவதற்குள் போய்விட்டார். பெட்டியைத் திருப்பிய பாவம் என்றது ஊர். ஊர் வாயில் மண்ணைப் போட!

குளிப்பாட்டிய பிறகும் அந்த விரல் அப்படியேதான் மணத்தது. யாரும் பார்க்காதபோது அதை எடுத்து என் மணிக்கட்டில் அழுத்தித் தேய்த்தேன். மாறக்கூடாது, மாறக்கூடாது என்று எல்லாச் சாமியையும் வேண்டினேன். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்வரை என் கையும் நார்த்தங்காயாகவே இருந்தது.

பொழுது சாய்ந்ததும் மோந்து பார்த்தேன். கிராம்பு வந்திருந்தது. பாழாய்ப்போன கிராம்பு.